சின்ன மாடலுக்கு எந்தக் கான்கிரீட்? புதுச்சேரி, கடலூர் பக்கம் மைக்ரோகான்கிரீட் போடப் போகிறவர்களுக்கு

எம்.டெக் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பீமையோ சட்டகத்தையோ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி உடைத்துப் பார்க்கப் போகிறீர்கள். கைடு "மைக்ரோகான்கிரீட் போட்டுக்கோப்பா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மைக்ரோகான்கிரீட் என்றால் ஜல்லிக்குப் பதில் பருமணல் போட்ட, மாடலுக்கான கான்கிரீட். 20 மி.மீ. ஜல்லிக்குப் பதில் எதைப் போடுவது, 16 மி.மீ. கம்பிக்குப் பதில் எதை வைப்பது, எந்த மெஷினில் உடைப்பது என்று யாரும் ஓரிடத்தில் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கடைக்கும் லேபுக்குமாக அலைந்து தெரிந்துகொண்டவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே பீமை வைத்துக்கொள்வோம்: 230 × 450 மி.மீ. வெட்டுமுகம், 3 மீட்டர் நீளம், எம்25 கான்கிரீட், கீழே இரண்டு 16 மி.மீ. கம்பி, 8 மி.மீ. ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்). ஐந்தில் ஒரு பங்கு மாடல் என்றால் 46 × 90 × 600 மி.மீ. எடை ஐந்தரை கிலோ அளவில் வரும்.

1. எது ஒத்துப்போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் கலவையிலிருந்து தொடங்குகிறார்கள். உடைத்துப் பார்க்கும் கியூபில் (கனசதுரத் துண்டில்) ச.மி.மீ.க்கு 25 நியூட்டன் வந்துவிட்டால், அதாவது எம்25 ஆகிவிட்டால், வேலை முடிந்தது என்ற நினைப்பு. அமுக்க வலிமை ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. பீம் எப்போது விரிசல் விடும் என்பது இழுவிசை வலிமையைப் பொறுத்தது. எவ்வளவு தொய்யும் என்பது மாடுலஸை, அதாவது பொருளின் விறைப்பை, பொறுத்தது. ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கணக்கில் எம்25 கான்கிரீட்டுக்கு மாடுலஸ் 25,000, வளைவு இழுவிசை 3.5, இரண்டும் நியூட்டன்/ச.மி.மீ. அளவில். ஜல்லி இல்லாத மைக்ரோகான்கிரீட்டில் மாடுலஸ் இதற்குக் கீழேதான் நிற்கும். இழுவிசையோ தேவைக்கு மேலே போகும். அதனால் மாடல் பீம் தாமதமாக விரிசல் விடும், ஆனால் விரிசல் விட்ட பிறகு கூடுதலாகத் தொய்யும். இரண்டையும் ஒரே கலவையில் சரிக்கட்டுவது நடக்காத காரியம். உங்கள் கேள்விக்கு எது முக்கியம் என்று கைடிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடையும் பளு வேண்டும் என்றால் அமுக்க வலிமையும் கம்பியும் சரியாக இருந்தால் போதும். விரிசல் இடைவெளி வேண்டும் என்றால் இழுவிசைதான் முதல்.

அப்புறம் அளவுக் கணக்கு. பொருள் ஒரே வலிமை என்றால் தகைவு (ஸ்ட்ரெஸ்) மாறாது. பளு 25-ல் ஒரு பங்கு, வளைவுத் திருப்புமை (பெண்டிங் மொமென்ட்) 125-ல் ஒரு பங்கு. நிஜ பீமில் 100 கிலோநியூட்டன் என்றால் மாடலில் 4. சொந்த எடையில்தான் சிக்கல். கனஅளவு 125-ல் ஒரு பங்காகிவிடுவதால் எடையும் அப்படியே இறங்கிவிடுகிறது, நமக்கு வேண்டியதோ 25-ல் ஒரு பங்கு. குறைவதை ஈடுகட்ட மாடலின் எடையைப் போல நான்கு மடங்கு கூடுதல் எடை தொங்கவிட வேண்டும். நம் பீமுக்கு 22 கிலோ. ஒற்றைப் பீமில் இதை விட்டுவிடலாம். மாடிச் சட்டகத்தில் விடக்கூடாது.

2. தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

கான்கிரீட் வலிமையைச் சோதிக்கக் காத்திருக்கும் 28 நாளை யாரும் சுருக்க முடியாது. ட்ரயல் கலவைக்கு ஒரு 28, மாடலுக்கு ஒரு 28. இடையில் அச்சு செய்யவும் கம்பி கட்டவும் இரண்டு மூன்று வாரம். ஆக, மூன்று மாதம் இல்லாமல் தொடங்காதீர்கள். ஏப்ரலில் வைவா என்றால் ட்ரயல் கலவை டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டாக வேண்டும், ஏனென்றால் 28-ஆம் நாள் பொங்கல் விடுமுறையில் விழுந்தால் கியூபை உடைக்க லேபில் ஆள் இருக்காது. கலவை போடும் முன் நாட்காட்டியில் 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் என்ன கிழமை என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை போட்ட கலவைக்கு இரண்டும் வெள்ளியிலேயே விழும். சனி, ஞாயிறில் போட்டால்தான் தொல்லை.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடையில் குவித்திருக்கும் எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்த மணல்) ஊறிப்போய்க் கிடக்கும், கரண்ட்டும் போகும். மணலைச் செப்டம்பரிலேயே வாங்கி உலர்த்தி மூடி வைத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

3. காகிதங்களும் பணமும்

பொருளுக்கு ஆகும் செலவு அற்பம். ஒரு மூட்டை சிமென்ட் 500 ரூபாய்க்குள் முடியும், எல்லா ட்ரயலுக்கும் அது போதும். பணம் போவது அச்சுக்கு, ஸ்ட்ரெயின் கேஜுக்கு (நீட்சியை அளக்க ஒட்டும் சின்னப் பட்டை), வெளி லேப் கட்டணத்துக்கு, ஆட்டோவுக்கு. ஸ்ட்ரெயின் கேஜ் ஒன்றே சில நூறு ரூபாய். ஒட்டும்போது வீணாவதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை:

- துறைத் தலைவர் கையெழுத்திட்ட முகப்புக் கடிதம். வெளி லேபுக்குப் போனால் இது இல்லாமல் மாணவர் கட்டணம் கிடைக்காது. எத்தனை கியூப், என்ன அளவு, என்ன சோதனை, எந்தத் தேதி என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.
- சோதனை மெஷினின் காலிப்ரேஷன் சான்றிதழ் நகல். தேதி தாண்டியிருந்தால் வைவாவில் முதல் கேள்வி அதுதான்.
- சிமென்ட் மூட்டையில் அச்சிட்ட வாரம், வருடம் தெரியும்படி ஒரு போட்டோ.
- கல்லூரிப் பணம் என்றால் மூன்று கொட்டேஷன், கல்லூரி பெயரில் ஜி.எஸ்.டி. பில். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய ப்ராஜெக்ட் அறிக்கையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும்.

கடலூரில் வாங்கிப் புதுச்சேரிக்கு மூட்டைகளை ஏற்றி வருகிறவர்கள் பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். எல்லையில் உள்ள முள்ளோடைப் பக்கம் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டத் தேவைப்படும்.

4. மணல்: இங்கேதான் உண்மையான வேலை

நிஜக் கான்கிரீட்டில் 20 மி.மீ. ஜல்லி என்றால் மாடலில் 4 மி.மீ. வர வேண்டும். 10 என்றால் 2. ஆக, நமக்கு ஜல்லி என்பது பருமணல்தான். ஆனால் அப்படியே 4.75 மி.மீ. சல்லடையில் சலித்துப் போட்டுவிடாதீர்கள். மாடலில் கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் தடிப்பு, 5 மி.மீ.தான். 4.75 மி.மீ. கல் ஒன்று கம்பிக்கும் அச்சுக்கும் நடுவே சிக்கினால் அதன் கீழே வெற்றிடம் விழும், அச்சைக் கழற்றும்போது கம்பி பல்லைக் காட்டும். 3.35 மி.மீ. சல்லடை லேபில் இருந்தால் அதில் சலியுங்கள். பல கல்லூரிகளில் இருக்காது. அப்படியானால் 2.36-ல் நிறுத்துங்கள்.

வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் எம்-சாண்ட் இந்தப் பகுதியில் எளிதாகக் கிடைக்கும். அதில் தூள் அதிகம். ஐ.எஸ். 383 நொறுக்கிய மணலில் 150 மைக்ரானுக்குக் கீழே 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கட்டடத்துக்கு அது பரவாயில்லை, மாடலுக்கு ஆகாது. தூள் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரைக் கூட்டினால் சுருக்கம் கூடும். எனவே 150-க்குக் கீழே உள்ளதைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். மீதியை நான்கு பங்காகப் பிரித்து வாளிகளில் வைத்துக்கொள்ளுங்கள். 2.36-ல் நிறுத்தியவர்கள் தொடங்க ஒரு விகிதம்: 2.36-லிருந்து 1.18 வரை 35 சதவீதம், 1.18-லிருந்து 600 மைக்ரான் வரை 25, 600-லிருந்து 300 வரை 25, 300-லிருந்து 150 வரை 15. இப்படிப் பிரித்து எடை போட்டுச் சேர்த்தால் ஒவ்வொரு கலவையும் ஒரே மாதிரி வரும். மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டால் மேலே பருமனும் அடியில் தூளுமாக ஒவ்வொரு முறையும் வேறு மணல் கையில் வரும்.

மொத்தப் ப்ராஜெக்ட்டுக்கும் தேவையான மணலை ஒரே தடவையில் சலித்துவிடுங்கள். ஆள் வைத்தாவது செய்யுங்கள், காசைப் பார்க்காதீர்கள். பூச்சுக்கு விற்கும் பி-சாண்ட் வேண்டாம், பருமன் போதாது. கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் சும்மா கிடைக்கிறதே என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். உப்பு இருக்கிறது, 1.6 மி.மீ. கம்பி தாங்காது. ஆய்வகத்தில் இருக்கும் எண்ணூர் மணல் ஐ.எஸ். 650-படி சிமென்ட்டைச் சோதிப்பதற்கு. மூன்று தரமும் தனித்தனிப் பையில் சீராக வரும் என்பதால் ஆசை வரும். விலையைக் கேட்டால் ஆசை போய்விடும்.

5. சிமென்ட், தண்ணீர், சாம்பல்

கடையில் வெறுமனே "சிமென்ட்" என்று கேட்டால் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) மூட்டையைத்தான் தூக்கிப் போடுவார்கள். அதில் ஆரம்ப வலிமை மெதுவாக ஏறும், 7-ஆம் நாள் கணக்கை வைத்து 28-ஐ ஊகிக்க முடியாது. 53 கிரேடு ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சிமென்ட்) என்று கேட்டு, மூட்டையில் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிரித்த மூட்டையைக் கடற்காற்றில் விட்டால் கட்டி தட்டும். பெயின்ட் வாளிகளில் மூடி வையுங்கள்.

தண்ணீருக்குப் போர்க் குழாயை நம்ப வேண்டாம். கடலோரத்தில் பல இடங்களில் உப்பு ஏறியிருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், பி.எச். 6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. சுற்றுச்சூழல் லேபில் ஒரு பாட்டில் கொடுத்தால் அன்றே சொல்லிவிடுவார்கள்.

ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் கிடைப்பது நெய்வேலிச் சாம்பல். அது பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவதால் சுண்ணாம்புச் சத்து அதிகம். நீங்கள் படித்த ஆய்வுக் கட்டுரை சுண்ணாம்பு குறைந்த சாம்பலை வைத்து எழுதியதாக இருந்தால் அந்த அளவுகள் இதற்குப் பொருந்தாது, இறுகும் நேரமே மாறிப்போகும். முதல் மாடலுக்குச் சாம்பலே வேண்டாம்.

6. ட்ரயல் கலவை

எடையில் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்றரைப் பங்கு மணல் என்று வைத்துக்கொண்டு, தண்ணீர்–சிமென்ட் விகிதத்தை மட்டும் மாற்றி மூன்று கலவை போடுங்கள்: 0.55, 0.65, 0.75. நடுவில் உள்ளதற்கு 5 லிட்டர் கலவை வேண்டும் என்றால் சிமென்ட் 2.1 கிலோ, மணல் 7.3 கிலோ, தண்ணீர் 1.36 லிட்டர். மணல் உலர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஈரம் இருந்தால் அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கலவையிலும் 50 மி.மீ. கியூப் குறைந்தது ஆறு (7-ஆம் நாள் மூன்று, 28-ஆம் நாள் மூன்று), 50 × 100 மி.மீ. உருளை நான்கைந்து. 150 மி.மீ. கியூப் கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. நம் பீமின் அகலமே 46 மி.மீ.தான், அதற்கு அருகில் இருப்பது 50 மி.மீ. கியூப். சின்னக் கியூப் பெரியதைவிடக் கூடுதல் வலிமை காட்டும் என்பதால் அளவு மாறினால் ஒப்பிட முடியாது. மூன்றில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியைத் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள்.

உடைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மெஷின் இயக்குகிறவர் தினமும் 150 மி.மீ. கியூப் உடைத்துப் பழகியவர். ஐ.எஸ். 516 சொல்லும் வேகம் நிமிடத்துக்கு 14 நியூட்டன்/ச.மி.மீ. 150-க்கு அது 315 கிலோநியூட்டன், 50-க்கு 35 மட்டும். வால்வைப் பழைய இடத்திலேயே திறந்தால் உங்கள் கியூப் பதினைந்து விநாடியில் தெறித்துவிடும், எண்ணும் கூடுதலாகக் காட்டும். அது மட்டுமல்ல, 30 நியூட்டன்/ச.மி.மீ. வலிமையுள்ள 50 மி.மீ. கியூப் உடைய வேண்டிய பளு 75 கிலோநியூட்டன். 2000 கிலோநியூட்டன் மெஷினில் இது அடிமட்டத்தில் எங்கோ கிடக்கும். 100 கிலோநியூட்டன் அளவுள்ள யு.டி.எம். (இழுக்கவும் அமுக்கவும் செய்யும் சோதனை மெஷின்) இருந்தால் அதைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மண் ஆய்வகத்துக்குப் போங்கள். சி.பி.ஆர். சோதனைக்கான (சாலை மண்ணின் தாங்குதிறனைப் பார்ப்பது) லோடிங் ஃப்ரேமும், பளுவைக் காட்டும் ப்ரூவிங் ரிங்கும் 50 கிலோநியூட்டன் வரை நன்றாக வாசிக்கும், வலிமை குறைந்த கலவைகளுக்கு அது பிரமாதம்.

மாடுலஸுக்கு உருளையின் எதிரெதிர் இரண்டு பக்கமும் 20 அல்லது 30 மி.மீ. ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சாய்வான பளு உங்களை ஏமாற்றிவிடும்.

7. கம்பி

நல்ல செய்தி: பழைய கேஜ் அளவுகள் நமக்கென்றே செய்தது போல் பொருந்துகின்றன. 16 மி.மீ.யை ஐந்தால் வகுத்தால் 3.2, 10 கேஜ் கம்பி 3.25 மி.மீ. 8 மி.மீ. ஸ்டிரப்புக்கு 1.6 வேண்டும், 16 கேஜ் 1.63 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

கெட்ட செய்தி: வலிமை எதுவென்று கடைக்காரருக்கே தெரியாது. கட்டுக்கம்பி காய்ச்சி மிருதுவாக்கியது, வளைந்துகொண்டே போகும். இழுத்துச் செய்த கடினக் கம்பியில் ஈல்டு பாயின்டே (கம்பி பழைய நிலைக்குத் திரும்பாமல் நீளத் தொடங்கும் இடம்) தெளிவாகத் தெரியாது, திடீரென்று அறுந்துவிடும். நமக்கு வேண்டியது கணக்கில் இப்படி வருகிறது: நிஜ பீமில் இரண்டு 16 மி.மீ. எஃப்.இ.500 கம்பியின் (ஈல்டு 500 நியூட்டன்/ச.மி.மீ.) இழுவிசை 201 கிலோநியூட்டன். அதில் 25-ல் ஒரு பங்கு 8.04 கிலோநியூட்டன். இரண்டு 10 கேஜ் கம்பியின் பரப்பு 16.6 ச.மி.மீ. ஆக, ஈல்டு 484 நியூட்டன்/ச.மி.மீ. இருக்க வேண்டும். கடினக் கம்பியை வாங்கி, லேபில் உள்ள மஃபிள் ஃபர்னஸில் 500 முதல் 600 டிகிரிக்குள் வெவ்வேறு வெப்பத்தில் சின்னத் துண்டுகளைக் காய்ச்சி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். எது 484-க்கு அருகில் வருகிறதோ அந்த வெப்பத்தில் மொத்தத்தையும் காய்ச்சுங்கள். மொத்தக் கம்பியும் ஒரே சுருளிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் வீண்.

வழவழப்பான கம்பி வழுக்கும். லேத் பட்டறையில் கொடுத்து நர்லிங் (மேலே சொரசொரப்புப் பதிப்பது) போட்டு வாங்குங்கள், முனையில் கொக்கியும் வளையுங்கள். நர்லிங் போட்ட பிறகு ஈல்டு மாறும் என்பதால் காய்ச்சுவது அதற்குப் பின்னால்தான்.

8. வார்ப்பும் க்யூரிங்கும்

அச்சுக்கு 12 மி.மீ. ஃபிலிம் ஒட்டிய ப்ளைவுட் போதும். கம்பியின் இடத்தில்தான் கண் இருக்க வேண்டும். மாடலில் கம்பி 2 மி.மீ. மேலே ஏறிவிட்டால் நிஜ பீமில் 10 மி.மீ. ஏறியதற்குச் சமம். மோர்ட்டாரில் 5 மி.மீ. தடிப்புத் துண்டு வார்த்து வெட்டிக் கவர் பிளாக்காக வையுங்கள். நீடில் வைப்ரேட்டரை உள்ளே விடாதீர்கள், வைப்ரேட்டிங் டேபிள்தான் சரி. குத்துவதற்கு 6 மி.மீ. கம்பி போதும்.

சின்ன வெட்டுமுகம் சீக்கிரம் காய்ந்துவிடும். அச்சிலிருந்து எடுத்த மாடலை மதியக் காற்றில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது சுருக்க விரிசல் தயாராக இருக்கும். நேராகத் தொட்டியில் இறக்குங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பிறகும் சோதனை நாள் வரை ஈரச் சாக்கைச் சுற்றி வையுங்கள். கியூபுக்கும் மாடலுக்கும் ஒரே தொட்டி, ஒரே சாக்கு.

9. ஷேக் டேபிளில் (நிலநடுக்கம் போல் ஆட்டும் மேடையில்) ஆட்டப் போகிறவர்களுக்கு மட்டும்

கூடுதல் எடை தொங்கவிட இடமில்லாத மாடல் என்றால் பொருளையே பலவீனமாக்க வேண்டியிருக்கும். அடர்த்தி அதே, ஆனால் வலிமையும் மாடுலஸும் ஐந்தில் ஒன்று: 5 மற்றும் 5,000 நியூட்டன்/ச.மி.மீ. அதற்குப் பி.ஓ.பி.யும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மணலும் சேர்ந்த கலவை நன்றாக வரும். பி.ஓ.பி. சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், எடையில் 0.1 சதவீத அளவுக்குச் சிட்ரிக் ஆசிட் சேர்த்தால் கை ஓட நேரம் கிடைக்கும். உலர்த்துவது 40–45 டிகிரியில், எடை மாறாத வரை. வழக்கமான 105 டிகிரி ஓவனில் வைத்தால் பி.ஓ.பி. இறுகி உண்டான ஜிப்சத்திலிருந்தே நீர் பிரிந்து மாவாகிவிடும். ஈரம் ஏறினால் வலிமை பாதியாகும் என்பதால் உலர்ந்ததும் ஷெல்லாக் வார்னிஷ் அடியுங்கள். நவம்பரில் இந்த வேலையே வேண்டாம். ஜிப்சத்தில் கம்பி துருப்பிடிக்கும், ஜி.ஐ. கம்பியோ பெயின்ட் பூச்சோ அவசியம். ஷேக் டேபிளுக்குச் சென்னை தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.–எஸ்.இ.ஆர்.சி. (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்) போன்ற இடத்தை நம்பியிருந்தால் மாடல் செய்வதற்கு முன்பே கடிதம் அனுப்பி, தேதியும் கட்டணமும் எழுத்தில் வாங்குங்கள்.

10. சோதனை நாள்

மாடலை உடைக்கும் அதே நாளில் அதே கலவையின் மூன்று கியூபையும் இரண்டு உருளையையும் உடையுங்கள். கணக்கில் போட வேண்டியது அந்த எண்தான், 28-ஆம் நாள் எண் இல்லை. மாடல் ஆறாவது வாரத்தில்தான் மேடை ஏறும் என்றால் கியூபும் ஆறாவது வாரத்தில்தான். முந்தின நாள் மாலை பீமின் மேல் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்து, பென்சிலில் 20 மி.மீ. கட்டங்கள் போட்டுவிடுங்கள். முதல் விரிசல் தலைமுடியைவிட மெல்லியது, சுண்ணாம்பில்தான் கண்ணில் படும். விரிசல் பக்கத்தில் பளுவை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக்கொண்டே போங்கள். கவனிக்க ஒருவர், எழுத ஒருவர், வால்வில் ஒருவர்.

உடைந்த பீமின் கவரை உளியால் தட்டி எடுத்து, கம்பி உண்மையில் எந்த ஆழத்தில் இருந்தது என்று வெர்னியரில் அளந்து, அந்த ஆழத்தை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் பில்களை மார்ச் 31-க்கு முன் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். நிதியாண்டு தாண்டிய பில்லுக்கு ஒவ்வொரு மேசையிலும் புதிதாக விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.